தேதி தெரிந்த பணம், தேதி தெரியாத பணம்

சேமிப்பைப் பங்கில் போடுவதா, கடன் பத்திரத்திலா, பல பங்குகளையோ பத்திரங்களையோ ஒன்றாகக் கட்டி ஒரே பங்குபோலச் சந்தையில் விற்கும் இடிஎஃப்பிலா என்று முடிவெடுக்க உட்கார்ந்தபோது வழக்கம்போல ஒரு அட்டவணை போட்டேன். மூன்று பத்திகள், இடது ஓரத்தில் லாபம், ஆபத்து, செலவு, விற்கும் வசதி. முதல் இரண்டு பத்திகள் சுலபமாக நிரம்பின. மூன்றாவதில் எதை எழுதினாலும் பொருந்தியது. லாபம் எவ்வளவு? உள்ளே பங்கு இருந்தால் ஒரு பதில், கடன் பத்திரம் இருந்தால் வேறு பதில். ஆபத்துக்கும் அதே கதை. இடிஎஃப் வெறும் பைதான். பையையும் அதற்குள் இருக்கும் சரக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது நல்லது என்று கேட்டால் எப்படிப் பதில் கிடைக்கும்?

அட்டவணையை ஓரம் கட்டிவிட்டு, என் மனைவி ஒரு வெள்ளைத் தாளில் வருடங்களை எழுத ஆரம்பித்தாள். எந்த வருடம் எவ்வளவு பணம் கண்டிப்பாகத் தேவை? அவசரத்துக்கென்று வங்கியில் கிடக்கும் தொகையை இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அது போக, மகளின் கல்லூரிப் படிப்பு ஆறாவது வருடம் தொடங்கும். அதற்கு அடுத்து பெரிய தேவை என்றால் நாங்கள் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதுதான். அது எந்த வருடம் என்று இருவருக்குமே தெரியாது. ஆக, இருப்பது இரண்டு குவியல்கள். ஒன்றுக்குத் தேதி இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை. அதற்குப் பிறகு செய்த எல்லா முடிவும் இந்தத் தாளிலிருந்து வந்ததுதான்.

தேதி இருக்கும் குவியலைப் பங்கில் போடக்கூடாது என்பதில் எங்களுக்குள் விவாதமே இல்லை. அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனப் பங்குகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு, 2007 அக்டோபரில் இருந்த உச்சத்திலிருந்து 2009 மார்ச்சுக்குள் சுமார் 57 சதவீதம் விழுந்தது. நிறுவனங்கள் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் ஈவுத்தொகையைச் சேர்க்காமல் பார்த்தால், பழைய உச்சத்தை மீண்டும் தொட 2013 மார்ச் ஆகிவிட்டது. ஐந்தரை வருடம். இதுவாவது பரவாயில்லை. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உயரத்தைத் தாண்டியது 2024 பிப்ரவரியில். நீண்ட காலத்தில் பங்கு ஜெயிக்கும் என்று சொல்பவர்கள் எத்தனை வருடம் நீண்ட காலம் என்பதைச் சொல்வதே இல்லை. கல்லூரி அதுவரை காத்திருக்காது.

அப்படியானால் கடன் பத்திரம். எங்கள் நேரத்தை அதிகம் தின்றது இந்தப் பகுதிதான். பங்கைப் பற்றிப் பேச ஆள் நிறைய. கடன் பத்திரம் என்றால் "அது பாதுகாப்பு" என்ற ஒற்றை வரியோடு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள்.

முதலில் நாங்கள் பார்த்தது ஒரு கடன் பத்திர இடிஎஃப். செலவு விகிதம் (நிர்வாகத்துக்காக வருடாவருடம் கழிக்கும் சதவீதம்) குறைவு, நூற்றுக்கணக்கான பத்திரங்கள், எப்போது வேண்டுமானாலும் விற்கலாம். எனக்குப் பிடித்திருந்தது. மனைவி கேட்டாள்: "சரி, இது எந்த வருஷம் முடியுது?"

முடியாது என்பதுதான் பதில். ஒரு தனிப் பத்திரத்துக்குக் கடன் முடியும் நாள், அதாவது முதிர்வுத் தேதி உண்டு. அரசோ நிறுவனமோ கடனைத் திருப்பிக் கட்டும் நிலையில் இருக்கும்வரை, நடுவில் சந்தை விலை எவ்வளவு ஆடினாலும் அந்தத் தேதியில் முகமதிப்பு, அதாவது பத்திரத்தில் போட்டிருக்கும் கடன் தொகை, கைக்கு வந்துவிடும். ஆறு வருடப் பத்திரம் அடுத்த வருடம் ஐந்து வருடப் பத்திரம், அதற்கடுத்து நான்கு; தேதி நெருங்க நெருங்க விலையின் ஆட்டம் அடங்கும். வழக்கமான கடன் பத்திர இடிஎஃப் அப்படி வயதாவதில்லை. உள்ளே இருக்கும் பத்திரங்களின் காலம் குறையக் குறைய அவை வெளியேறி, நீண்ட காலப் பத்திரங்கள் உள்ளே வரும். சராசரிக் காலம் ஏறத்தாழ அப்படியே நிற்கும். நமக்குப் பணம் தேவைப்படும் அந்த ஆறாவது வருடத்திலும் அது முதல் நாள் ஆடியதைப் போலவே ஆடிக்கொண்டிருக்கும்.

எவ்வளவு ஆடும் என்பதற்கு டுரேஷன் என்ற எண் இருக்கிறது; கடன் பத்திர இடிஎஃப்களின் தகவல் தாளில் போட்டிருப்பார்கள். வட்டி விகிதம் 1 சதவீதப் புள்ளி ஏறினால், டுரேஷன் எத்தனையோ ஏறத்தாழ அத்தனை சதவீதம் விலை இறங்கும். டுரேஷன் 7, வட்டி 2 புள்ளி ஏற்றம் என்றால் சுமார் 14 சதவீதம் போச்சு. இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. 2022-ல் மத்திய வங்கிகள் வட்டியை வேகமாக ஏற்றியபோது, அமெரிக்காவின் பரந்த கடன் பத்திரக் குறியீடு அந்த ஒரே வருடத்தில் சுமார் 13 சதவீதம் இழந்தது. அதே வருடம் எஸ் அண்ட் பி 500-ம் ஈவுத்தொகை சேர்த்தே சுமார் 18 சதவீதம் இறங்கியது. பங்கு விழுந்தால் பத்திரம் தாங்கும் என்று நம்பியவர்களுக்கு இரண்டு காலும் ஒன்றாக வழுக்கிய வருடம் அது.

"அந்த வருஷம் பார்த்து ஃபீஸ் கட்டணும்னா வித்துத்தானே ஆகணும்?" என்றாள். அத்தோடு அந்த இடிஎஃப் பட்டியலிலிருந்து போனது.

தனிப் பத்திரங்களைத் தேடப் போனால் அங்கே வேறு பாடம். பட்டியலில் முதலில் கண்ணில் படும் எண் கூப்பன் வட்டி, அதாவது முகமதிப்பின்மேல் வருடாவருடம் தரும் வட்டி. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முகமதிப்பு 100, கூப்பன் 4 சதவீதம், இன்னும் 6 வருடம் பாக்கி, சந்தை விலை 94 என்று ஒரு பத்திரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 94 கொடுத்து வருடம் 4 வாங்கினால் நடப்பு வருவாய் சுமார் 4.26 சதவீதம். முடிவில் 100 கிடைக்கும் என்பதையும் சேர்த்தால் முதிர்வு வரையிலான வருவாய் ஏறத்தாழ 5.2. ஒரே பத்திரத்துக்கு மூன்று எண்கள். விற்பவர் எந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார் என்பதைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். நாங்கள் மூன்றாவதை மட்டுமே ஒப்பிட்டோம்.

ஒரு நிறுவனப் பத்திரம் மற்றவற்றைவிடக் கணிசமாக அதிக வருவாய் காட்டியது. விவரக் குறிப்பைக் கடைசிப் பக்கம் வரை படித்த பிறகுதான் காரணம் தெரிந்தது: மூன்றாவது வருடத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் கடனை முன்கூட்டியே அடைத்துவிடும் உரிமை நிறுவனத்துக்கு இருந்தது. வட்டி குறைந்தால் அவர்கள் அடைத்துவிடுவார்கள். நாம் அந்தப் பணத்தைக் குறைந்த வட்டியில் வேறெங்காவது போடவேண்டும். வட்டி ஏறினால் அடைக்கமாட்டார்கள்; நாம் மாட்டிக்கொள்வோம். எந்தப் பக்கம் விழுந்தாலும் அவர்களுக்கே சாதகம். கூடுதல் வருவாய் அதற்கான கூலி. எங்களுக்குத் தேதி முக்கியம் என்பதால் விட்டுவிட்டோம்.

கடன் திரும்பி வரும் வாய்ப்பை எடைபோட்டு மதிப்பீட்டு நிறுவனங்கள் தரும் தர மதிப்பீட்டையும் ஓரளவுக்குத்தான் நம்பினோம். 2008 செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலான வாரம் வரை அதன் கடன் 'முதலீட்டுத் தரம்' என்ற பாதுகாப்பான வகையில்தான் மதிப்பிடப்பட்டிருந்தது. ஒரு நிறுவனத்தின் பத்திரத்தை மட்டும் வைத்திருந்து அது கவிழ்ந்தால், கூடுதலாகக் கிடைத்த ஒன்றிரண்டு சதவீத வட்டி எதற்குக் காணும்? கல்லூரிப் பணத்தில் பெரும்பகுதிக்கு எங்கள் அரசின் பத்திரங்களையே வாங்கினோம், எங்கள் நாணயத்திலேயே. படிப்பு நடக்கும் வருடங்களுக்குத் தக்கபடி ஒவ்வொரு வருடமும் ஒன்று முதிரும்படி ஏணிபோல அடுக்கினோம். மீதிக்கு, குறிப்பிட்ட வருடத்தில் முதிர்ந்து கணக்கை முடித்துப் பணத்தைத் திருப்பித் தரும் வகை இடிஎஃப் ஒன்று. அதில் பல நிறுவனங்களின் பத்திரங்கள் இருக்கின்றன, தேதியும் இருக்கிறது. இப்படி ஒரு வகை இருப்பது பலருக்குத் தெரியாது, தேடுங்கள்.

வாங்கும் இடத்தில் ஒரு சின்ன விஷயம். திரையில் பார்த்த விலையைவிட அதிகமாகப் பணம் கழிந்திருந்தது. கடைசியாக வட்டி கொடுத்த தேதியிலிருந்து நாம் வாங்கும் நாள் வரை சேர்ந்த வட்டி, விற்பவருக்குச் சேர வேண்டியது. அதையும் நாம் கொடுத்துவிட்டு, அடுத்த வட்டியை முழுதாக வாங்கிக்கொள்கிறோம். யாரும் ஏமாற்றவில்லை. பயப்பட வேண்டாம்.

இனி தேதி இல்லாத குவியல். இங்கே நிலையான வட்டி என்பதே ஆபத்து: இருபது வருட விலைவாசி ஏற்றம் அதைத் தின்றுவிடும். ஆகவே பங்கு. தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பதா, மொத்தமாக வாங்குவதா என்பதுதான் கேள்வி.

எனக்குத் தனிப் பங்குகளில் ஆசை உண்டு. ஆண்டறிக்கைகளைப் படிக்கப் பிடிக்கும். தலைவரின் கடிதத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, பணப்புழக்க அறிக்கையையும் குறிப்புகளையும் முதலில் படிப்பேன். ஆனால் பேராசிரியர் ஹென்ட்ரிக் பெசெம்பைண்டர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு என் ஆசைக்கு ஒரு எல்லை போட்டது. 1926 முதல் 2016 வரை அமெரிக்கச் சந்தையில் இருந்த பங்குகளை எடுத்துப் பார்த்தால், பாதிக்கும் மேற்பட்டவை தம் வாழ்நாள் முழுவதும் சேர்த்தும் அரசு ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கும் கடனுக்கான கருவூல உண்டியல் தந்த வருவாயைக்கூடத் தாண்டவில்லை. குறுகிய கால அரசுக் கடனுக்கு மேல் சந்தை உருவாக்கிய நிகரச் செல்வம் முழுவதும் சுமார் 4 சதவீத நிறுவனங்களிடமிருந்து வந்தது. அந்த 4 சதவீதத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் திறமை எனக்கு இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். அதன்மேல் ஓய்வுக்காலத்தைக் கட்ட முடியாது. குறியீட்டில் உள்ள எல்லாப் பங்குகளையும் மொத்தமாக வாங்கினால் அவை எவையாக இருந்தாலும் உள்ளே இருக்கும்.

ஆகவே இந்தக் குவியலில் பத்தில் ஒன்பது பாகம், ஒரு குறியீட்டை அப்படியே பின்பற்றும் பங்கு இடிஎஃப். மிச்சம் என் விளையாட்டுக்கு. அந்த மிச்சத்திலும் ஒரு விதி: நான் வேலை செய்யும் துறையின் பங்கு கிடையாது. 2001-ல் அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் கவிழ்ந்தபோது, ஓய்வூதியச் சேமிப்பின் பெரும்பகுதியை அதே நிறுவனப் பங்கில் வைத்திருந்த ஊழியர்களுக்கு வேலையும் சேமிப்பும் ஒரே நேரத்தில் போயின.

எந்த இடிஎஃப்? பெயரை நம்பக்கூடாது. எம்எஸ்சிஐ வேர்ல்டு என்ற குறியீட்டில் 23 வளர்ந்த நாடுகள் உண்டு. சீனாவும் இந்தியாவும் பிரேசிலும் இல்லை. மதிப்பில் 70 சதவீதத்தை ஒட்டி அமெரிக்கா மட்டுமே. உலகம் என்றால் அவ்வளவுதான் போலும். நாங்கள் பார்த்த இரண்டு இடிஎஃப்களுக்கு முற்றிலும் வேறு பெயர்கள், முதல் பத்து நிறுவனங்கள் கிட்டத்தட்ட ஒன்றே. இரண்டையும் வாங்கினால் பரவலாக்கியதாக ஒரு திருப்தி கிடைக்கும், பரவல் கிடைக்காது.

அடுத்து செலவு விகிதம். ஆண்டுக்கு 7 சதவீதம் வளரும் 100-ல் 0.1 சதவீதம் கழித்தால் 25 வருடத்தில் 530 ஆகும். 1 சதவீதம் கழித்தால் 429. இந்த ஒரு கணக்கு போதும். அதோடு, குறியீட்டின் வருவாய்க்கும் இடிஎஃப் உண்மையில் தந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை ஐந்து வருடத்துக்கு எடுத்துப் பார்த்தோம். குறைந்த செலவு விகிதம் போட்டிருந்த ஒன்று இதில் பின்தங்கியிருந்தது. ஒவ்வொரு நாளின் அசைவையும் இரண்டு மடங்கு, மூன்று மடங்காகத் தரும் வகைகளைத் தொடவே இல்லை. கணக்கு தினமும் புதிதாகத் தொடங்குவதால், ஏறி இறங்கும் சந்தையில் குறியீடு இருந்த இடத்துக்கே திரும்பி வந்தாலும் அவை நஷ்டத்தில் நிற்கும்.

வாங்கும்போது லிமிட் ஆர்டர் மட்டும், அதாவது இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று விலையைக் குறிப்பிட்டே வாங்குவோம். இடிஎஃப்பின் சந்தை விலை அதன் உள்மதிப்போடு ஒட்டி நிற்பதற்குக் காரணம், பெரிய தரகு நிறுவனங்கள் யூனிட்களை மொத்தமாக உருவாக்கவும் திருப்பிக் கொடுக்கவும் முடிவதுதான். இரண்டுக்கும் நடுவே இடைவெளி வந்தால் அதில் அவர்களுக்கு லாபம், அதனால் இடைவெளி மூடும். அவர்கள் ஒதுங்கி நின்றால் மூடாது. 2015 ஆகஸ்ட் 24 காலையில், பல பங்குகளின் வர்த்தகம் தடைபட்டிருந்த நேரத்தில், சில இடிஎஃப்கள் உள்ளிருக்கும் பங்குகளின் மதிப்பைவிட மிகக் கீழே கைமாறின. விலையைக் குறிப்பிடாமல் விற்றவர்களுக்கு அந்த அடிமாட்டு விலைதான் கிடைத்தது. சந்தை திறந்த உடனேயும் நாங்கள் வாங்குவதில்லை. வெளிநாட்டுப் பங்குகள் கொண்ட இடிஎஃப் என்றால், முடிந்தவரை அந்த நாட்டுச் சந்தையும் திறந்திருக்கும் நேரம்.

மொத்தத்தையும் ஒரே நாளில் போடுவது பெரும்பாலான வரலாற்றுக் காலங்களில் அதிக லாபம் தந்திருக்கிறது என்று தெரிந்தும், தவணையாகப் போட்டோம். தூக்கம் கெடாமல் இருக்க அந்தச் சின்ன இழப்பு சரி என்று பட்டது. கல்லூரிப் பத்திரங்களிலிருந்து வரும் வட்டியும் இப்போது இந்த இடிஎஃப்புக்குள்தான் போகிறது.

ஒரு விஷயம் மட்டும் பேசித் தீரவில்லை. ஓய்வுக்கு ஒரு வருடத்தைக் குறித்ததும் அந்தக் குவியலுக்கும் தேதி வந்துவிடும். எத்தனை வருடம் முன்னதாகப் பங்கிலிருந்து பத்திரத்துக்கு மாற்றத் தொடங்குவது? மனைவி பத்து வருடம் என்கிறாள், வருடத்துக்கு ஒரு பகுதியாக, சந்தை எங்கே இருந்தாலும். நான் ஐந்து போதும் என்கிறேன். இப்போதைக்கு எழுதி வைத்திருப்பது ஏழு.