இரண்டு ‘ஆட்சேபம் இல்லை’

கோவையில் ஒரு முதியோர் குடியிருப்பில் வீடு வாங்கிக் குடிவந்து ஐந்து வருடம் ஆகிறது. பூட்டிவிட்டு ஊருக்குப் போனால் திருட்டுப் பயமில்லை. நடுராத்திரி மூச்சு இரைத்தால் மணியடித்தால் போதும், நர்ஸ் வந்துவிடுவார். சாப்பாட்டுக் கணக்கு ஒன்றில்தான் தகராறு வந்தது.

மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் நான்கு மாதம் பெங்களூரில் இருந்தோம். கிளம்பும் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனோம். திரும்பி வந்து பார்த்தால், ஒரு இட்லிகூடத் தொடாத நான்கு மாதத்துக்கு உணவுக்கூடக் கட்டணம் 36,000 ரூபாயை எங்கள் முன்பணத்தில் கழித்திருந்தார்கள்.

புகார் கொடுத்தேன். குறைதீர் குழுவுக்கு அழைத்தார்கள். உணவுக்கூடத்தின் மூலை மேசையில் மூன்று பேர் இருந்தார்கள்: வளாக மேலாளர், நிறுவனத்தின் வழக்கறிஞர், குடியிருப்போர் பிரதிநிதி என்று மேலாளரே தேர்ந்தெடுத்த ஒருவர். அந்தப் பிரதிநிதியின் வீட்டுக் கூரை ஒழுகலை முந்தின மாதம்தான் செலவில்லாமல் சரிசெய்து கொடுத்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கூரை இரண்டு மழைக்காலமாக ஒழுகிக்கொண்டிருந்தது. நான் பேசிய ஐந்து நிமிடமும் அவர் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். புகார் தள்ளுபடியானது.

அடுத்த வாரம் மேலாளர் ஒரு தாளும் பேனாவுமாக வாசலில் நின்றார். “ஒப்பந்தத்தின் 23-ஆம் பிரிவுப்படி நிறுவனம் ஒரு நடுவரை நியமிக்கும் சார். ஆட்சேபம் இல்லை என்று ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள், சீக்கிரம் முடிந்துவிடும்.” கண்ணாடியைத் தேடி உள்ளே திரும்பினேன். அதற்குள் எதிர்வீட்டு அம்மாள் வந்துவிட்டார். நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது அலுவலகப் பணிகளைக் கவனிக்கும் மூத்த அலுவலராக, இருந்து ஓய்வு பெற்றவர். தாளை வாங்கிப் படித்துவிட்டு, “கையெழுத்துப் போடாதீர்கள் அண்ணா” என்றார்.

மேலாளர் போன பிறகு விளக்கினார். நடுவர் என்றால், நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்பவர். தகராறில் லாப நஷ்டம் உள்ள ஒரு தரப்பு, ஒரே நடுவராக ஒருவரைத் தானே நியமிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் நடுவர் சட்டத்தில் ஒரு கதவும் திறந்திருக்கிறது: தகராறு எழுந்த பிறகு நாமே எழுத்தில் சம்மதம் கொடுத்துவிட்டால் அந்த ஆட்சேபத்தை விட்டுக்கொடுத்ததாகிவிடும். அந்த ஒற்றை வரித் தாள் அதற்காகத்தான். ஒப்பந்தத்தில் நடுவர் பிரிவு இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை என்றும் சொன்னார்.

போனேன். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்தைத் தாண்டாததால் மனுக் கட்டணமே இல்லை. வழக்கறிஞரும் வைக்கவில்லை. ஒப்பந்தம், பில்கள், ஊருக்குப் போவதாக எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல், பெங்களூர் ரயில் டிக்கெட் எல்லாம் இணைத்தேன். நகல் எடுத்த கடைக்காரர்தான் பக்கங்களுக்கு எண் போடச் சொல்லிக் கொடுத்தார்.

மனு ஏற்கப்பட்ட பின், சமரசத்துக்கு விருப்பமா என்று ஆணையம் கேட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரு தரப்பும் ஐந்து நாளுக்குள் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். நிறுவனமும் தந்தது, எனக்கே ஆச்சரியம்.

முதல் அமர்வில் சமரசர் உட்கார்ந்ததும் வழக்கைப் பேசவில்லை. “என் மைத்துனர் இதே நிறுவனத்தின் இன்னொரு வளாகத்தில் வீடு பதிவு செய்திருக்கிறார். அதனால் என் மேல் சந்தேகம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள், வேறொருவரை நியமிக்கச் சொல்கிறேன்” என்றார். இப்படிச் சொல்ல வேண்டியது சமரசரின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறதாம், பிறகுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு நிமிடம் யோசித்தேன். ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மூன்றாம் அமர்வில் முடிந்தது. 24,000 ரூபாய் திரும்பி வந்தது. முழுத்தொகை கிடைக்கவில்லை என்று மனைவிக்கு இன்னும் மனக்குறை. ஏழு நாள் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு வெளியூர் போனால் உணவுக் கட்டணம் கிடையாது என்பதையும் எழுதி வாங்கினோம். குறைதீர் குழுவில் குடியிருப்போர் தரப்பு இருவரை இனி நாங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்போம். முதல் தேர்தலில் கூரை ஒழுகாத நண்பரும் நின்றார். ஆறு ஓட்டு.

23-ஆம் பிரிவு மட்டும் ஒப்பந்தத்தில் அப்படியே இருக்கிறது. புதிதாக யார் வீடு பார்க்க வந்தாலும், எதிர்வீட்டு அம்மாள் முதலில் காபிக்கு அழைத்துவிடுகிறார்.