சேவ் அப்: எங்கே ‘அப்’ வேண்டும், எங்கே வேண்டாம்

ஆங்கிலத்தில் சேவ் (save), சேவ் அப் (save up) இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து மாற்றி மாற்றி எழுதுபவர்கள் நிறையப் பேர். சேவ் தனியாக வந்தால் காப்பாற்றுவது, மிச்சப்படுத்துவது, கணினியில் கோப்பைச் சேமிப்பது என்று பல வேலை பார்க்கும். சேவ் அப் அப்படியல்ல. பின்னால் தேவைப்படும் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைப்பதற்குத்தான் அது. பெரும்பாலும் பணம், லீவு நாட்களையும் அப்படிச் சேர்க்கலாம். குறுக்கு வழியில் போய் நேரத்தை மிச்சம் பிடித்தால் அது ‘சேவ் டைம்’. அங்கே ‘அப்’ சேராது. கோப்புக்கும் சேராது.

எதற்காகச் சேர்க்கிறோமோ அது பெயர்ச்சொல் என்றால் ‘ஃபார்’, வினைச்சொல் என்றால் ‘டு’:

ஐ அம் சேவிங் அப் ஃபார் எ லேப்டாப்.
ஐ அம் சேவிங் அப் டு பை எ லேப்டாப்.

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். மனசுக்குள் ‘லேப்டாப்புக்கு’ என்று ஓடுவதால், அந்த ‘க்கு’ தன்னோடு ‘டு’வையும் இழுத்து வந்துவிடுகிறது. ‘சேவிங் அப் டு எ லேப்டாப்’ தவறு.

விளம்பரங்களில் வரும் ‘சேவ் அப் டு 50 பர்சென்ட்’ இன்னும் குழப்பும். இதில் இருப்பது சேவ் அப் அல்ல. சேவ் தனி, ‘அப் டு’ தனி. ‘அப் டு’ என்றால் ‘வரை’. அதிகபட்சம் 50 சதவீதம் மிச்சமாகும், குறைவாகவும் இருக்கலாம் என்பதே பொருள். பேச்சில் காதே காட்டிக்கொடுக்கும்: சேவ் அப்பில் ‘அப்’ அழுத்தமாக விழும், விளம்பர வாக்கியத்தில் ‘அப் டு’ லேசாக எண்ணோடு ஒட்டிக்கொள்ளும்.

தொகையைச் சொல்லும்போது ‘ஐ ஹேவ் சேவ்டு அப் 500 டாலர்ஸ்’ என்பது இயல்பு. ‘இட்’, ‘தெம்’ வந்தால் மட்டும் அவை நடுவில்தான் உட்கார வேண்டும்: ‘சேவ் இட் அப்’. ‘சேவ் அப் இட்’ என்று யாரும் சொல்வதில்லை.

காலமும் முக்கியம். ‘ஹேவ் பீன் சேவிங் அப்’ என்றால் இன்னும் சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ‘ஹேவ் சேவ்டு அப் இனஃப்’ என்றால் தேவையான தொகை சேர்ந்துவிட்டது.

கையிலிருக்கும் பணத்தில் ஒரு பகுதியை இன்ன செலவுக்கென்று தனியே ஒதுக்கினால் ‘செட் அசைட்’ பொருத்தம். சேர்த்ததிலிருந்து கொஞ்சம் எடுத்துச் செலவழித்தால் ‘டிப் இன்ட்டு’: ‘ஐ ஹேட் டு டிப் இன்ட்டு மை சேவிங்ஸ்’. ‘சேவிங்ஸ்’ என்பதில் கடைசி ‘ஸ்’ஸை விட்டுவிடாதீர்கள், சேர்த்த பணம் என்ற பொருளில் அது பன்மையாகவே வரும்.