கியர் ஹப் யூனிசைக்கிள்: பட்டனைத் தட்டிய பிறகு வரும் அரைச் சுற்று

சாதாரண யூனிசைக்கிளில், அதாவது ஒற்றைச் சக்கர வண்டியில், செயின் கிடையாது, மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தைத் தானே சுழலவிடும் ஃப்ரீவீல் கிடையாது. கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று, அவ்வளவுதான். வேகமாகப் போக வேண்டுமென்றால் காலை வேகமாகச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் பெரிய சக்கரம் போட வேண்டும். மிதி நிமிடத்துக்கு 120 சுற்றைத் தாண்டியதும் பெரும்பாலானவர்களுக்கு இடுப்பு சீட்டில் நிற்காது, குதிக்க ஆரம்பிக்கும். சக்கரத்துக்கும் ஒரு வரம்பு உண்டு: கால் எட்ட வேண்டுமே! வழக்கமாகத் தயாராகிற அளவுகளில் பெரியது 36 இஞ்ச்.

இந்த இரண்டு சுவரையும் தாண்டத்தான் கியர் ஹப், அதாவது சக்கரத்தின் மையக் குடத்துக்குள்ளேயே கியர். பரவலாகத் தெரிந்தது சுவிட்சர்லாந்தின் ஃப்ளோரியான் ஷ்லும்ஃப் வடிவமைத்தது. கனடாவின் யூனிசைக்கிள் ஓட்டுநர் கிரிஸ் ஹோல்ம் பெயரோடு சேர்த்து கேஹெச்/ஷ்லும்ஃப் ஹப் என்பார்கள். இதில் இரண்டே கியர். லோ கியரில் ஒன்றுக்கு ஒன்று, அதாவது சாதாரண யூனிசைக்கிள். ஹை கியரில் கிராங்க் ஒரு சுற்றுக்குச் சக்கரம் சுமார் 1.55 சுற்று. இரண்டிலுமே ஃப்ரீவீல் இல்லை. பின்னால் அழுத்தினால் வேகம் குறையும், நிற்கலாம், பின்னோக்கியும் போகலாம்.

கணக்கைப் பார்த்துவிடலாம். 36 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.87 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 100 சுற்று மிதித்தால் லோ கியரில் மணிக்கு 17 கி.மீ.; அதே மிதியில் ஹை கியரில் 26-க்கு மேல். சக்கர அளவாகச் சொன்னால் 36 இஞ்ச் 56 இஞ்ச் ஆகிறது, 29 இஞ்ச் 45 ஆகிறது, 26 இஞ்ச் 40 ஆகிறது, 24 இஞ்ச் 37 ஆகிறது.

ஆனால் 24 இஞ்ச் ஹை கியர், 36 இஞ்ச் சாதாரண வண்டி மாதிரி ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தூரக் கணக்கு கிட்டத்தட்ட ஒத்துப்போகும், ஓட்டம் ஒத்துப்போகாது. 36-ல் ரிம்மும் டயரும் கனம். ஒருமுறை வேகம் எடுத்துவிட்டால் சின்னச் சின்ன தடுமாற்றத்தை அதுவே விழுங்கிவிடும். சின்ன சக்கரத்தில் அந்த உருட்டு வேகம் இல்லாததால், மிதியில் வரும் ஒவ்வொரு பிசகும் உடனே உடம்புக்கு வந்துவிடும்.

ஃபிரேம் ஏன் இதில் மாட்டிக்கொள்கிறது

ஹப்புக்குள் இருப்பது கிரகப் பல்சக்கரத் தொகுதி: நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சின்னப் பல்சக்கரங்கள் ஓடும் அமைப்பு. லோ கியரில் எல்லாம் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சுற்றும். ஹை கியரில் தொகுதியின் ஒரு அங்கம் சுற்றாமல் நிற்க வேண்டும். அதைப் பிடித்து நிறுத்துவது ஃபிரேம். சாதாரண யூனிசைக்கிளில் ஃபிரேமுக்கு வேலை சீட்டைத் தாங்குவது மட்டும்தான். இங்கே கால் கொடுக்கிற முறுக்குவிசையில் 35 சதவீதம் ஃபிரேமுக்குப் போகிறது.

அது எவ்வளவு? 150 மி.மீ. கிராங்க்கில் 50 கிலோ எடையை வைத்து அழுத்தினால் சுமார் 75 நியூட்டன் மீட்டர். அதில் 26, 27 நியூட்டன் மீட்டர் ஃபிரேமைச் சக்கரம் சுற்றுகிற திசையிலேயே திருப்பப் பார்க்கும். ஹை கியரில் பலமாக மிதிக்கும்போது சீட் முன்னால் தள்ளுகிற மாதிரி இருப்பது இதனால்தான், பிரமை இல்லை.

இதனால்தான் ஹப்புக்கும் ஃபிரேமுக்கும் நடுவே அந்த விசையைத் தாங்க ஒரு பூட்டு இருக்கிறது. இது சரியாக உட்காராவிட்டால் முதலில் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு 'டக்' கேட்கும். கண்டுகொள்ளாமல் ஓட்டினால் பிடிக்கும் இடம் தேய்ந்து, ஆட்டம் கூடி, ஒருநாள் ஹை கியரில் பிடிப்பே இல்லாமல் வழுக்கும். வாங்கும் முன் ஃபிரேமின் பேரிங் கூடு ஹப்பின் பேரிங் அளவுக்குச் சரியா, பூட்டு உட்கார இடம் இருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். அட்டை வைத்து, தகடு வைத்து ஒப்பேற்றுகிற வேலை இங்கே எடுபடாது.

பேரிங் கூட்டின் போல்ட்டுகளை இருபுறமும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் பேரிங் நசுங்கி சக்கரம் இறுகும். வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் தெரிந்துவிடும்.

கிராங்க் நீளம்தான் முதல் முடிவு

எந்த சக்கரம் என்று மண்டையை உடைத்துக்கொள்கிற அளவுக்கு யாரும் கிராங்க்கைப் பற்றி யோசிப்பதில்லை. தலைகீழாக இருக்க வேண்டும்.

ஹை கியரில் கிராங்க்கின் நெம்பு பலம் 1.55-ஆல் வகுபடுகிறது. 150 மி.மீ. கிராங்க் சக்கரத்துக்குக் கொடுக்கிற பிடி, கியர் இல்லாத வண்டியில் 97 மி.மீ. கிராங்க் கொடுப்பது. 137 போட்டால் 88. 125 போட்டால் 81. 110 என்றால் 71. சாதாரண 36-ல் 110 போட்டு சுகமாக ஓட்டுகிறவர் அதே கிராங்க்கோடு ஹை கியருக்குப் போனால், வேகத்தைக் குறைக்கவே காலில் பலம் போதாது. வேகம் எடுப்பதைவிட நிறுத்துவதில்தான் இது கடிக்கும்.

ஆரம்பத்தில் 29 ஆனாலும் 36 ஆனாலும் 150 போடுங்கள். ஹை கியரில் எதிர்காற்று, சின்ன மேடு இரண்டையும் தடுமாறாமல் கடக்க வந்த பிறகு 137-க்கு இறங்கலாம். 125 சமதளச் சாலைக்காரர்களுக்கு. நீளமான கிராங்க்கின் குறை லோ கியரில் தெரியும்: கால் பெரிய வட்டம் போடுவதால் வேகமாகச் சுற்ற வராது. பரவாயில்லை, வேகத்துக்குத்தான் இன்னொரு கியர் இருக்கிறதே.

கிராங்க் நீளம் இன்னொன்றையும் முடிவு செய்கிறது: பட்டனைக் காலின் எந்த இடம் தொடும் என்பதை.

பட்டன்

கியர் மாற்ற கேபிள் இல்லை, லிவர் இல்லை. அச்சின் நடுவே ஒரு ராட் குறுக்கே போகிறது. அதன் இரு முனையிலும் கிராங்க்குக்கு வெளியே ஒவ்வொரு பட்டன். ஒருபக்கம் தட்டினால் ஹை, மறுபக்கம் தட்டினால் லோ. ஒன்று உள்ளே போனால் மற்றது வெளியே வரும்.

தட்டுவது குதிகாலால். பாதத்தின் முன்பகுதி பெடலில் இருக்கிறது. கிராங்க் முன்னால் படுக்கைவாட்டில் வரும்போது குதிகால் பின்னோக்கி நீண்டு, அச்சுக்கு நேராக வந்து நிற்கும். அந்த நேரத்தில் குதிகாலைச் சற்றே உள்பக்கம் திருப்பினால் ஷூவின் ஓரம் பட்டனில் படும். 150 கிராங்க்கில் குதிகாலின் உள்விளிம்பு படும். கிராங்க் குட்டையாகக் குட்டையாகத் தொடும் இடம் முன்னேறி, கணுக்கால் எலும்புக்குக் கீழே வந்துவிடும். அப்போது கணுக்கால் பட்டை போடாமல் ஓட்டினால் தோல் உரியும். குதிகால் பக்கம் கெட்டியாக இருக்கும் ஷூ நல்லது. மெத்தென்ற ஓட்டப் பயிற்சி ஷூவில் பட்டன் அமுங்குவதற்குப் பதில் ஷூ அமுங்கும். ஷூ லேசை உள்ளே சொருகிவிடுங்கள், பட்டன் பக்கம் தொங்கக் கூடாது.

சாலையில் இறங்கும் முன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரே இடத்தில் பட்டனைத் தட்டிப் பழகுங்கள். கண்ணால் பார்க்காமல் இருபுறமும் காலுக்குத் தெரிய வேண்டும். குனிந்து பார்த்தால் ஓட்டத்தில் விழுவது நிச்சயம்.

மேலே மாற்றுவது

தட்டுவதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள். பட்டன் அமுங்கியதும் கியர் உடனே மாறிவிடாது. உள்ளே பற்கள் பொருந்தும் இடம் வரும்வரை காத்திருக்கும். மிதியில் முழு பலம் இருந்தால் பழைய கியரே விடாமல் பிடித்துக்கொள்ளவும் செய்யும். பிறகு நீங்கள் எதிர்பாராத நேரத்தில், பலம் தளர்ந்த நொடியில் மாறும்.

36-ல் நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைப்போம். மணிக்கு 14 கி.மீ. அளவு. தட்டும் கால் முன்னால் வருகிறது, குதிகால் உள்ளே, தட்டு. அந்தக் காலில் அழுத்தத்தை எடுத்துவிடுங்கள், ஆனால் பெடலைவிட்டு எடுக்காதீர்கள். அடுத்த கால்வாசி, அரைச் சுற்றுக்குள் பற்கள் பிடிக்கும். பிடித்த கணத்தில் சக்கரத்தின் வேகம் அதேதான், ஆனால் கால் 80-லிருந்து 52-க்கு இறங்கியாக வேண்டும். கால் 80-லேயே சுற்றப் பார்த்தால் சக்கரம் உங்களுக்குக் கீழிருந்து முன்னால் ஓடிவிடும், நீங்கள் பின்னால் விழுவீர்கள். ஆகவே தட்டும் முன்பே உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பிடித்ததும் அந்தச் சாய்வைச் சக்கரம் வந்து சரிசெய்துகொள்ளும்.

இடையில் ஒரு பொல்லாத இடம் இருக்கிறது: பழைய கியர் விட்டுவிட்டது, புதியது இன்னும் பிடிக்கவில்லை. பெடல் சும்மா சுற்றும். பாதி மனதோடு மெதுவாகத் தட்டினால் இது வரும். அதனால் தட்டுவது லேசாக ஆனால் முழுதாக இருக்க வேண்டும், பட்டன் கடைசிவரை போக வேண்டும்.

மிக மெதுவாகப் போகும்போது மேலே மாற்றுவது கடினம். 50 சுற்றில் இருந்தால் மாறியதும் 32 ஆகிவிடும். ஒவ்வொரு மிதியும் தனித்தனி தள்ளாக மாறி, வண்டி வளைந்து வளைந்து போகும். 75 முதல் 90 நல்ல இடம்.

கீழே மாற்றுவது

இதுதான் ஆபத்து. ஹை கியரில் 60 மிதித்தால் லோவில் பிடித்ததும் கால் 93 சுற்ற வேண்டும். 90 மிதித்துக்கொண்டிருக்கும்போது மாற்றினால் 140. காலைப் பெடல் தூக்கி எறியும். முதலில் பிரேக் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், ஹை கியரில் 55, 60-க்கு வாருங்கள், உடம்பை நிமிர்த்தி ஒரு துளி பின்னால் சாய்த்துக்கொண்டு தட்டுங்கள். மேடு வருகிறதென்றால் மேட்டின் அடியிலேயே மாற்றிவிட வேண்டும். ஏறத் தொடங்கி மூச்சு முட்டியபின் தட்டினால் பற்களில் சுமை இருப்பதால் மாறாது. மாற வைக்கப் பலத்தைத் தளர்த்தினால் வண்டி நின்றுவிடும்.

வண்டியில் ஏறுவது எப்போதும் லோவில். ஹை கியரில் ஏற முடியும், ஆனால் 36-ல் அதைச் செய்து காட்டுவதற்கு வித்தை காட்டும் ஆசை தவிர வேறு காரணம் இல்லை. விழுந்து எழுந்தபின் எந்தக் கியரில் இருக்கிறது என்று பட்டனைப் பார்த்துவிட்டு ஏறுங்கள், விழும்போது பட்டன் எதிலாவது பட்டு மாறியிருக்கலாம்.

ஹை கியரில் ஆட்டம்

பல்சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி இல்லாமல் ஹப் செய்ய முடியாது. பெடலை முன்னும் பின்னும் அசைத்தால் சில மி.மீ. சும்மா நகரும், ஹை கியரில் இது நன்றாகத் தெரியும். முன்னழுத்தத்திலிருந்து பின்னழுத்தத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் இந்த இடைவெளியைக் கடக்க வேண்டும், அந்தத் துளி நேரத்துக்கு வண்டி உங்கள் கையில் இல்லை. இதற்கு ஓட்டுகிறவர்கள் செய்வது: எப்போதும் ஒரே பக்கம் லேசான அழுத்தம் வைத்திருப்பது. இறக்கத்தில் பின்னழுத்தம் கொடுக்காமல், பிரேக்கைச் சற்றே பிடித்துவைத்து அதற்கெதிராக முன்னால் மிதித்துக்கொண்டே போவது. பல் ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், ஓட்டம் சீராகிவிடும். பிரேக் இல்லாமல் கியர் ஹப் வாங்குவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ரிம் பிரேக்கோ டிஸ்க்கோ, விரலால் துளித்துளியாகப் பிடிக்க வருவதே முக்கியம்.

ஹை கியரில் குதிப்பது, படியிறங்குவது வேண்டாம். கரடுமுரடான பாதை வந்தால் லோவுக்கு மாற்றிவிட்டு இறங்குங்கள்.

மணிக்கு 25 கி.மீ. என்றால் நொடிக்கு 7 மீட்டர். சாதாரண யூனிசைக்கிளில் தவறினால் முன்னால் குதித்து ஓடி நின்றுவிடலாம். இந்த வேகத்தில் கால் அவ்வளவு வேகமாக ஓடாது. உள்ளங்கைதான் முதலில் தரையில் படும். ஹெல்மெட்டோடு மணிக்கட்டுக் காப்பு, முழங்கால், முழங்கை காப்பு எல்லாம் வேண்டும். சர்வதேச யூனிசைக்கிள் கூட்டமைப்பின் சாலைப் பந்தயங்களில் கியர் ஹப்புக்கு இடம் 'அன்லிமிடெட்' பிரிவில். 24, 29 இஞ்ச் பிரிவுகளில் கியர் கூடாது.

மாட்டுவதும் பராமரிப்பதும்

அச்சுக்குள் ராட் இருப்பதால் கிராங்க் போல்ட் நடுவே துளை உள்ளது. கிராங்க்கும் பட்டன் உட்காரக் குடைந்து விட்ட வகையாக இருக்க வேண்டும். ஐசிஸ் (அச்சில் பல்வரியாகப் பொருந்தும் வகை) கிராங்க் எல்லாமே சரிவராது. கழற்றும்போது சாதாரண புல்லரை (கிராங்க்கை இழுத்துக் கழற்றும் கருவி) நேராக வைத்துத் திருகினால் ராடின் முனையைத்தான் தள்ளும். இதற்கென்று வரும் துண்டை வைத்துத்தான் கழற்ற வேண்டும்.

முதலில் கிராங்க்கை முழுதாக இறுக்குங்கள், பிறகு பட்டன். வரிசையை மாற்றினால், கிராங்க் உள்ளே நகர நகரப் பட்டன் இடைவெளி மாறிவிடும். பட்டனை அமுக்கிய நிலையில் அதற்கும் கிராங்க்குக்கும் நடுவே அரை மி.மீ. அளவு இடைவெளி இருக்கட்டும். ஒரு விசிட்டிங் கார்டு தடையில்லாமல் நுழைந்தால் சரி. இடைவெளி இல்லாவிட்டால் பட்டன் கிராங்க்கில் முட்டி நின்றுவிடும், ராட் முழுதாகப் போகாது, பற்கள் பாதியளவே பிடிக்கும். சமதளத்தில் ஒன்றும் தெரியாது. மேட்டில் எழுந்து மிதிக்கும்போது கியர் நழுவும். ஹப் கெட்டுவிட்டது என்று அனுப்பும் முன் இந்த இடைவெளியைப் பாருங்கள். இருபுறமும் பார்க்க வேண்டும்.

பட்டனைப் பிடித்திருப்பது சின்ன கிரப் ஸ்க்ரூ, அதாவது தலையில்லாத திருகு. அதிர்வில் தளரும், பட்டன் சாலையில் எங்கோ உருண்டு போகும். நடுத்தர பலமுள்ள லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி போதும். அதிக பலமுள்ள சிவப்பு வேண்டாம், அடுத்த முறை ஆலன் கீ வழுக்கித் திருகின் குழி போய்விடும். நீண்ட ஓட்டத்துக்குப் போகும்போது அந்த ஆலன் கீயையும் உபரி ஸ்க்ரூ ஒன்றையும் சீட் அடியில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

கிரீஸ் குறைந்தால் ஹை கியரின் இரைச்சல் கூடும், மாறுவதும் கடினமாகும். தயாரிப்பாளர் சொன்ன வகையைச் சொன்ன அளவு மட்டும் போடுங்கள். நிறைய அடைத்தால் சீல் வழியாக வெளியே வந்து ஸ்போக்கெல்லாம் பூசிவிடும், ரிம் பிரேக் இருந்தால் அதிலும் படும். ஹப்பை அழுத்த நீரில் கழுவாதீர்கள். ஹை கியரில் மெல்லிய முனகல் இயல்பு. ஒரு சுற்றுக்கு ஒருமுறை வரும் 'டிக்' என்றால் முதலில் கிராங்க் போல்ட், அடுத்து பெடல், அடுத்து ஸ்போக், அதன்பின் ஃபிரேம் பூட்டு என்று வரிசையாகப் பாருங்கள். சத்தம் ஹை கியரில் மட்டும் வந்தால் ஃபிரேம் பூட்டிலிருந்து தொடங்கலாம்.