நூறு புள்ளி மேலே ஒரு எதிராளி

செஸ் டோர்னமெண்ட் நடக்கும் ஹாலின் வாசலில் நின்றால் இரண்டு கேள்விகள் மாறி மாறிக் காதில் விழும். "வின்னா, லாஸா?" என்பது முதலாவது. "எதிராளி ரேட்டிங் எவ்வளவு?", அதாவது அவருடைய ஆட்டத் திறனைக் காட்டும் எண் எவ்வளவு என்பது இரண்டாவது. முதல் கேள்வியை அன்று ராத்திரி வரை தள்ளிப்போட்டால் பிள்ளைக்கு நல்லது. இரண்டாவது உருப்படியான கேள்வி. ஆனால் அந்த எண்ணை வைத்து என்ன செய்வதென்று கேட்பவருக்கே பல நேரம் தெரிவதில்லை. கூட ஆடிப் பயிற்சி செய்ய ஆள் தேடும்போது அது கைகொடுக்கும்.

கணக்கு இதுதான். உங்கள் ரேட்டிங் 1600, எதிராளிக்கு 1700 என்றால், உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் அட்டவணைப்படி ஓர் ஆட்டத்தில் உங்களிடம் எதிர்பார்க்கப்படுவது 0.36 புள்ளி (ஜெயித்தால் 1, டிராவுக்கு அரை). எதிர்பார்ப்புக்கும் கிடைத்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கே எண்ணால் பெருக்கினால் ரேட்டிங் மாற்றம் வரும். கே எண் 20 உள்ளவருக்கு ஜெயித்தால் 12.8 கூடும், டிரா என்றால் 2.8 கூடும், தோற்றால் 7.2 குறையும். பதினெட்டு வயதுக்குக் கீழே, 2300-க்குள் இருப்பவர்களுக்குக் கே எண் 40. ஆகவே எல்லாம் இரண்டு மடங்கு. இதையே பத்து ஆட்டத்துக்குப் போட்டுப் பாருங்கள். நூறு புள்ளி மேலே இருப்பவரிடம் நாலு ஜெயித்து ஆறு தோற்றாலும் கே 20 ஆட்டக்காரருக்கு ரேட்டிங் 8 ஏறும். வாசலில் நிற்பவர் கண்ணில் அது ஆறு தோல்வி.

அதனால்தான் பயிற்சிக்கான போட்டியாளரை 50 முதல் 150 புள்ளி மேலே தேடச் சொல்கிறோம். 400 மேலே போனால் எதிர்பார்ப்பு 0.08 ஆகிவிடும். பத்து ஆட்டம் ஆடினாலும் ஒரு புள்ளி தேறாது. எங்கே பிசகியது என்றுகூடப் பிடிபடாது, ஏனென்றால் எல்லா இடத்திலும் பிசகியிருக்கும். ஒரு எச்சரிக்கை: பழைய எண்களோடு ஒப்பிடாதீர்கள். 2024 மார்ச்சில் 2000-க்குக் கீழே இருந்த எல்லோருக்கும் ஃபிடே ஒரேயடியாக ஏற்றிக் கொடுத்தது. 1600-இல் இருந்தவர் ஒரு காயும் நகர்த்தாமல் 1760 ஆனார்.

ஆள் கிடைத்ததும் பலர் செய்யும் தப்பு, ஆன்லைனில் மூன்று நிமிட பிளிட்ஸில் இறங்குவது. தோற்றவர் "இன்னொண்ணு" என்பார், மறுபடி தோற்பார், கோபத்தில் இன்னும் வேகமாக ஆடுவார். இருபது ஆட்டம் முடியும்போது இருவருக்கும் நினைவில் ஒரு நிலைகூட இருக்காது. வாரத்தில் ஒரு நாள், நேரில், நிஜப் பலகையில், ஆளுக்கு 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல் என்று கடிகாரத்தை வைத்து இரண்டே ஆட்டம் போதும். இருவரும் ஸ்கோர்ஷீட், அதாவது ஒவ்வொரு நகர்த்தலையும் குறிக்கும் தாள், எழுத வேண்டும். நகர்த்திய பிறகு எழுத வேண்டும், அதற்கு முன்னால் கூடாது. பக்கத்தில் கடிகாரத்தில் மிச்சமுள்ள நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், விதி அதை அனுமதிக்கிறது. எந்த நகர்த்தலுக்கு நாலு நிமிடம் கரைந்தது என்று பார்த்தால், உங்களுக்குப் புரியாத இடம் எதுவென்று தாளே காட்டிக் கொடுத்துவிடும்.

மிச்ச நேரத்துக்கு ஒரே நிலையை வைத்து நிறம் மாற்றி ஆடுங்கள். ஃபிலிடோர் நிலை என்ற பிரபலமான ஆட்ட முடிவு நிலை நல்ல ஆரம்பம். (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்.) வெள்ளை ராஜா டி5, சிப்பாய் இ5, யானை எச்7. கறுப்பு ராஜா இ8, யானை ஏ6. கறுப்பு டிரா பிடிக்க வேண்டும். யானை ஆறாவது வரிசையை விட்டு அசையாமல் அங்கேயே பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தால் வெள்ளை ராஜா முன்னேற முடியாது. சிப்பாய் இ6-க்கு ஏறிய அடுத்த நொடி யானை ஏ1-க்கு இறங்கி, பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முன்னால் ஏறிவிட்ட சிப்பாயே தன் ராஜா ஒதுங்கும் இடத்தை அடைத்துவிடும். புத்தகத்தில் படித்தவர்களில் பலர் பயத்தில் ஒரு நகர்த்தல் முன்னாலேயே யானையை இறக்கிவிடுவார்கள். ஆறாவது வரிசை திறந்துகொள்ளும், வெள்ளை ராஜா உள்ளே வந்துவிடும். எதிரே ஜெயித்தே தீருவேன் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கும்போதுதான் இந்தப் பதற்றம் வெளியே வரும். வீட்டில் தனியாகக் காயை நகர்த்திப் பார்க்கும்போது வராது.

ஆட்டம் முடிந்ததும் போஸ்ட்மார்ட்டம், அதாவது ஆடியதை இருவரும் சேர்ந்து அலசுவது. இதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள், கை நேராக எஞ்சின், அதாவது செஸ் ஆடும் கணினி நிரல், பக்கம் போகிறது. முதல் இருபது நிமிடம் போனைப் பையில் போட்டுவிடுங்கள். தோற்றவர் முதலில் பேசட்டும்: இங்கே என்ன நினைத்தேன், எதற்குப் பயந்தேன். அப்புறம் ஜெயித்தவர். "நீ குதிரையை அங்கே கொண்டுவருவாய் என்றுதான் பயந்தேன்" என்று ஜெயித்தவர் சொல்லும்போது, தோற்றவருக்கு அந்த நகர்த்தல் கண்ணிலேயே பட்டிருக்காது. அந்தத் தகவலை எஞ்சின் தராது. யார் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்பதற்கு அது பிளஸ் 0.7 என்று ஓர் எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். மூன்று நிலைகளை மட்டும் நோட்டில் வரைந்துகொண்டு, பிறகு எஞ்சினில் சரிபாருங்கள்.

ஓப்பனிங்கை, அதாவது தாங்கள் தயாரித்த தொடக்க நகர்த்தல்களை, ஒளித்து வைப்பவர்கள் உண்டு. "அவனுக்குச் சொன்னால் எனக்கே திருப்பி ஆடிவிடுவான்." ஆடட்டுமே. உங்கள் ஓப்பனிங்கின் ஓட்டை வாரப் பயிற்சியில் தெரிவது மேல். ஸ்டேட் டோர்னமெண்டின் ஏழாவது சுற்றில் தெரிந்தால் வலிக்கும். தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கத் தயங்காதவர்களைப் பாருங்கள். விஸ்வநாதன் ஆனந்த் 1986 முதல் 37 வருடம் இந்தியாவின் முதல் ரேட்டிங்கைக் கையில் வைத்திருந்தார். 2023 செப்டம்பர் பட்டியலில் அந்த இடத்தைப் பிடித்த குகேஷ், ஆனந்த் வழிகாட்டும் வெஸ்ட்பிரிட்ஜ் ஆனந்த் அகாடமியில் பயின்றவர்.

இன்னொரு வியாதி, ரேட்டிங்கைக் காப்பாற்ற ஆடாமல் இருப்பது. 1800 தொட்டதும் சின்ன டோர்னமெண்டுகளைத் தவிர்ப்பார்கள், கீழே இருப்பவரிடம் தோற்றால் நிறையக் குறையுமே என்று. குறையும்தான். நூறு கீழே இருப்பவரிடம் தோற்றால் கே 20-க்கு 12.8 போகும். அந்தக் கீழே இருப்பவருக்கு நீங்கள்தான் நூறு புள்ளி மேலே இருக்கும் எதிராளி.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். ஒரே ஆளோடு ஆடினால் அவரை ஜெயிக்க மட்டும் கற்றுக்கொள்வீர்கள்.

டோர்னமெண்டில் அதே நண்பரோடு ஜோடி விழுந்தால் பத்து நகர்த்தலில் டிரா என்று கைகுலுக்கி எழுந்துவிடும் பழக்கம் நம் ஊரில் அதிகம். அது வேண்டாம், நட்பு வேறு ஆட்டம் வேறு. 2024 செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் குகேஷும் அர்ஜுன் எரிகைசியும் பிரக்ஞானந்தாவும் ஒரே அணியில் தங்கம் வென்றார்கள். ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 2025 பிப்ரவரி 2 அன்று நெதர்லாந்தின் வைக் ஆன் ஸே டோர்னமெண்டில் கடைசிச் சுற்று. பட்டம் வெல்லும் வாய்ப்பே இல்லாத அர்ஜுன், முன்னணியில் இருந்த குகேஷை விடாமல் ஆடித் தோற்கடித்தார். குகேஷோடு சமமாக முன்னணியில் இருந்த பிரக்ஞானந்தாவும் தன் ஆட்டத்தைத் தோற்றார். குகேஷும் அவரும் 8.5 புள்ளியில் நிற்க, சமநிலையை முறிக்கும் டைபிரேக் ஆட்டங்களில் பிரக்ஞானந்தா 2-1 என்று கோப்பையை எடுத்துக்கொண்டார்.