பண்ணைக்குப் பண்ணை மாறும் குதிரைகள்

சவாரிப் பள்ளியில் இளங்குதிரைகளைப் பழக்குவது என் வேலை. அதனால் குதிரை வரும் நாவல் எதுவானாலும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுப்பேன். மாலி கிளாஸ் 2007-இல் எழுதிய 'தி ஹார்ட்ஸ் ஆஃப் ஹார்சஸ்' என் சந்தேகத்தைச் சில பக்கங்களிலேயே தீர்த்துவிட்டது. 1917 குளிர்காலம், அமெரிக்காவின் கிழக்கு ஓரிகன். ஆண்கள் உலகப் போருக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். முரட்டுக் குதிரைகளைச் சவாரிக்குப் பழக்கித் தருகிறேன் என்று மார்த்தா லெஸன் என்ற பத்தொன்பது வயதுப் பெண் வேலை கேட்டு வருகிறாள்.

அவள் வேலையை அமைத்துக்கொள்ளும் விதம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. பல பண்ணைகளின் குதிரைகளை ஒரே சமயத்தில் ஏற்றுக்கொள்கிறாள். ஒரு குதிரையில் ஏறி அடுத்த பண்ணைக்குப் போவாள். அதை அங்கே விட்டுவிட்டு, அங்கே நிற்பதில் ஏறி அதற்கடுத்த பண்ணைக்கு. இப்படியே சுற்று. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வேலை, அப்புறம் புது இடத்தில் ஓய்வு. வழியில் வேலி, நாய், அந்நிய மனிதர்கள்.

இதன் அருமை லாயத்தில் நிற்பவர்களுக்குத் தெரியும். எங்களிடம் ஒரு பெட்டைக்குதிரை, பயிற்சி வளையத்துக்குள் இருக்கும்வரை தங்கம். வெளியே வந்தால் தண்ணீர் டிரம்மைப் பார்த்து உறைந்துவிடும். போகும்போது இடப்பக்கம் பழக்கிய அதே டிரம், திரும்பும்போது வலப்பக்கம் தெரிந்தால் மறுபடி மிரளும். ஒரு பக்கத்திலிருந்து காட்டியதை மறு பக்கத்திலிருந்தும் காட்டியாக வேண்டும். கயிற்றைத் தளர்த்திக் காத்திருப்பேன். விறைத்த காதுகளில் ஒன்று என் பக்கம் திரும்பும், தலை தாழும், வாய் எதையோ மெல்வதுபோல் அசையத் தொடங்கும். அதற்கு முன்னால் ஓர் அடி இழுத்தாலும் அன்றைய வேலை வீண். இப்போதெல்லாம் இளங்குதிரைகளை ஒரே கொட்டடியில் வைப்பதில்லை. இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறேன்.

குதிரையை வதைக்கும் பண்ணையாளோடு மார்த்தா மோதும் இடம் எனக்கு மிகவும் நெருக்கமானது. மாதக்கணக்கில் பொறுமையாகப் பழக்கிய வாயை, கடிவாளத்தை வெடுக்கென்று இழுக்கும் ஒரு கை சில நாளில் கெடுத்துவிடும். உரிமையாளர்கள் "எப்போது முடியும்?" என்றுதான் கேட்கிறார்கள். சரி, முடியும் தேதியைச் சொல்கிறேன். கூடவே, கடைசி வாரம் ஏறப்போகிறவர் தினமும் வந்து என் கண் முன்னால் ஏற வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். வர முடியாதென்றால் குதிரையை அனுப்புவதில்லை.