ஆங்நெட் வாடகைக்கு விட்ட வீடு

நேற்று ராத்திரி பத்தரை மணி. பர்மாவில் தட்டோன் ஊர் மழை, அதுவும் ஆடி மழை, கேட்கவா வேண்டும். புதுசாய்க் கட்டிய நாய்வீட்டுக்குள் எங்கள் கோழி சிவப்பி பதினோரு முட்டைமேல் பட்டத்து ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்காரன், எங்கள் நாய் ஆங்நெட், வாசல் பெஞ்சுக்கு அடியில். வால் மட்டும் வெளியே நனைகிறது. அதை உள்ளே இழுத்துக்கொள்ளக்கூட மனசில்லாமல் கிடக்கிறான். (பர்மிய மொழியில் நெட் என்றால் கறுப்பு. இவன் செம்பட்டை. அப்பாயி வைத்த பேர், அவ்வளவுதான்.)

அளவில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. நாய்வீடு கட்ட இடத்தை அளந்து பிரயோஜனம் இல்லை, நாயை அளக்கணும். நின்றால் தோள்வரை 20 அங்குலம். மூக்கு நுனியிலிருந்து வால் முளைக்கிற இடம்வரை 30. உள்நீளத்துக்கு அதோடு கால்பங்கு கூட்டி 38. வாசல் உயரம் தோளில் முக்கால் இருந்தால் போதும். 15 அங்குலம், குனிந்து போய்க்கொள்வான். பிள்ளைப்பாசத்தில் பெரிசாய்க் கட்டினால் உடம்புச் சூடு நிற்காது, மழைநாளில் உள்ளேயும் வெளியும் ஒன்றுதான். முக்கியமாக, வாசல் நடுவில் வரக்கூடாது. ஒரு ஓரமாய் வைத்தால்தான் மறு ஓரம் காற்றும் சாரலும் எட்டாத இருட்டு மூலையாகும். மழை தென்மேற்கிலிருந்து அடிக்கிறது, வாசல் கிழக்கே. தரை நிலத்திலிருந்து ஓரடி மேலே. பிளந்த மூங்கில், அரை அங்குல இடைவெளி, ஈரம் கீழே வடிந்துபோக.

மூங்கிலைப் பற்றி ஒரு வார்த்தை. மழைக்காலம் முடிந்த பிறகு வெட்டியதாக இருக்கணும், மூணு வருஷமாவது முற்றியிருக்கணும், வெட்டினதும் குளத்தில் ஒரு மாசம் முங்கிக் கிடக்கணும். உள்ளே இருக்கிற மாவுச்சத்து கரைந்து போகாவிட்டால் வண்டு துளைக்கும். காலையில் தரையில் மஞ்சளாய் மாவு கொட்டிக் கிடந்தால் எறும்பு வேலை என்று நினைக்காதீர்கள்; வீடு அரைபட்டுக்கொண்டிருக்கிறது. குளம் நாறும்தான். பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார் என்பதற்காகப் பத்து நாளில் எடுத்தால் அடுத்த வருஷம் திரும்பக் கட்டணும்.

நாலு காலுக்கும் பியின்கடோ. நம் ஊர்ப்பக்கம் இருள் மரம் என்பார்களே, அதேதான். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போட்ட கட்டை. மழையில் மக்காது, கறையானும் அண்டாது. ஆணியும் அண்டாது என்பது சித்தப்பாவுக்குத் தெரியாமல் போனதுதான் பிரச்சினை. அரை வீசை ஆணி வாங்கி வந்தார். வீசை தமிழ்நாட்டில் எப்போதோ ஒழிந்தாலும் இங்கே இன்னும் வீசைதான், ஒரு வீசை 1.63 கிலோ. அதில் நேராய் நின்றது ஏழு ஆணி. மிச்சமெல்லாம் கேள்விக்குறி. அந்த மரத்துக்கு ஆணியைவிடக் கொஞ்சம் மெல்லிய பிட்டால் துளை போட்டு, ஆணி நுனியில் சோப்பைத் தேய்த்து, பிறகுதான் அடிக்கணும். இதைச் சொன்னபோது சித்தப்பா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனார். மூணு மணி நேரம் கழித்து வந்து, துளை போடுவதை டீக்கடையில் தானே கண்டுபிடித்த மாதிரி எல்லோருக்கும் விளக்கினார்.

கூரை தனி ஓலை. தனி என்பது நீப்பா பனைக்கு இங்கே பேர். திருச்சியிலிருந்து போனில் பேசுகிற அத்தை, "தனி ஓலைன்னா, மத்ததெல்லாம் கூட்டு ஓலையா?" என்று பத்து வருஷமாய் ஒரே ஜோக்கைச் சொல்லி அவரே சிரிக்கிறார். ஓடைச் சேற்றில் தண்டே தெரியாமல் முளைக்கிற தனி மட்டை. அதன் ஓலையை மூங்கில் குச்சியில் மடித்துத் தைத்துக் கட்டுக்கட்டாய் விற்பார்கள். கடைக்காரர் எண்ணிக்கொடுத்த கட்டில் நடுவில் பாதி அளவு ஓலை செருகியிருந்தது வேறு கதை. அவிழ்த்துப் பார்க்காமல் வாங்கினால் அப்படித்தான். நாலு விரல் இடைவெளிக்கு ஒரு வரிசை வேயணும். சிக்கனம் பார்த்து எட்டு விரல் விட்டால் முதல் மழையிலேயே ஒழுகும். சரிவும் செங்குத்தாய் வேணும். படுக்கையாய்ப் போட்டால் தண்ணி நின்று நின்று ஓலை மக்கும்.

ஆக, உயரமான தரை. காய்ந்த கூரை. கிழக்கு வாசல். சாரல் எட்டாத இருட்டு மூலை. உள்ளே அப்பாயியின் பழைய லுங்கி நாலாய் மடித்து.

இதில் நாய்க்கு என்று ஏதாவது இருக்கிறதா, நீங்களே படித்துப் பாருங்கள். வரிக்கு வரி முட்டையிடத் தேடுகிற கோழியின் பட்டியல் இது.

சித்தப்பா கட்டின கோழிக்கூட்டைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்லத்தான் வேணும். முட்டைப்பெட்டி மேலே, உட்காரும் கம்பு கீழே. கோழி ராத்திரி இருக்கிறதிலேயே உயரமான இடத்தில்தான் அடையும். அப்போ எல்லாம் பெட்டிக்குள் தூங்கி, பெட்டிக்குள்ளேயே எச்சமிட்டு, காலையில் அந்த எச்சத்தின்மேல் முட்டையிடச் சொன்னால் எந்தக் கோழி இடும்? கம்பு மேலே, பெட்டி கீழே, நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி, ஒவ்வொன்றும் ஒரு சதுர அடி, உள்ளே மூணு அங்குலம் உமி. இவ்வளவுதான் சமாச்சாரம். போதாக்குறைக்குக் கூட்டின் கதவு தென்மேற்கே. மழை நேராய் உள்ளே வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும்.

சிவப்பி முதல் முட்டையை வைத்தபோது ஆங்நெட் மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் படுத்தான். நாலாவதில் அரை உடம்பு உள்ளே, அரை உடம்பு வெளியே. பதினொன்றாவதில் அவள் இறக்கையை விரித்து, பந்து மாதிரி உப்பி, தொண்டைக்குள் உறுமிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூக்கை நீட்டினான், மூக்கிலேயே ஒரு கொத்து. அதோடு சரி.

அடையைக் கலைப்பதற்குக் கம்பிவலைத் தரை போட்ட கூண்டில் மூணு நாலு நாள் விடணும். அடியில் காற்றுப்பட்டு வயிற்றுச் சூடு இறங்கினால் ஆசை விட்டுப்போகும். மூக்கில் இறகைச் செருகுவது, தண்ணித்தொட்டியில் முக்குவது எல்லாம் மழைக்காலத்தில் கோழியைக் கொல்லுகிற வைத்தியம். கூண்டைக் கொண்டுவந்ததும் அப்பாயி ஒரே கேள்விதான் கேட்டார்: "நாய் எங்க வேணா படுக்கும். முட்டை படுக்குமா?"

சரி, இடத்தையாவது மாற்றலாம் என்று ராத்திரி இருட்டில் மீன்பெட்டியில் உமி பரப்பி, முட்டையோடு கோழியைத் தூக்கி வைத்து, சாக்கு போட்டு மூடி, கூட்டுக்குள் வைத்தாகிவிட்டது. புத்தகப்படி எல்லாம் சரி. விடியற்காலை சாக்கைத் தூக்கின மறுநிமிஷம் அவள் நாய்வீட்டில், வெறும் லுங்கியை அடைகாக்கிறாள். முட்டை மீன்பெட்டியில் ஆறிக்கொண்டிருக்கிறது. பதினோரு முட்டையையும் மடியில் கட்டிக்கொண்டு அப்பாயி மழையில் ஓடின ஓட்டத்தைப் பார்த்தால் முழங்கால்வலி தைலத்துக்குக் கொடுத்த காசெல்லாம் வீண் என்று தெரியும்.

அதற்குப் பிறகு வீடே சிவப்பிக்கு வேலைக்காரர்கள். லுங்கிக்கு அடியில் சாம்பல், அதன்மேல் சுருட்டுக்கடையில் வாங்கின காய்ந்த புகையிலைத் தண்டு, பேனுக்காக. நாய்வீட்டின் நாலு காலிலும் கழிவு எஞ்சின் ஆயிலில் தோய்த்த துணிக்கட்டு, எறும்புக்காக. ஓடு உடைக்கிற நேரத்தில் எறும்பு ஏறினால் குஞ்சு மிஞ்சாது. மத்தியானம் இருபது நிமிஷம் அவள் இறங்கித் தின்று, குடித்து, ஒரு கைப்பிடி அளவுக்கு எச்சமிட்டு (நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது), மண்ணில் புரண்டு வருவாள். அந்த இருபது நிமிஷமும் ஆங்நெட் வாசலில் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு முட்டையைத் தொட்டதில்லை. சின்னவள் இரக்கப்பட்டு அவனுக்குச் சோற்றில் பாலாச்சாங் (காய்ந்த இறால் பொடி வறுவல்) பிசைந்து எடுத்துப்போனாள். தட்டு பிடுங்கப்பட்டது. அதில் பாதி வெங்காயமும் பூண்டும். இரண்டும் நாய் ரத்தத்தைக் கெடுக்கும். அத்தோ நூடுல்ஸும் கூடாது. வெறும் சோறு, முள்ளெடுத்த மீன், போதும்.

முட்டை பார்க்க ஏழாம் நாள் சரியான நாள். யார் கையை விட்டுக் கொத்து வாங்குவது என்கிற பஞ்சாயத்தில் பதினைந்தாம் நாளாகிவிட்டது. அதுதான் நேற்று ராத்திரி. நல்ல இருட்டு வேணும், அதற்கு இங்கே பஞ்சமில்லை, கரண்ட் ஆறு மணிக்கே போய்விட்டது. போன் டார்ச்சை உள்ளங்கையால் குவித்து, முட்டையின் அகன்ற முனையை அதில் வைத்தால், நல்ல முட்டை காற்றறை தவிர முழுக்க இருட்டாயிருக்கும். கரு ஏறாதது வெளிச்சம் விடும், ஆட்டினால் தளும்பும். எட்டு இருட்டு. மூணு கூமுட்டை. பதினைந்து நாள் வெந்த கூமுட்டை கையில் இருக்கும்போது தும்மக்கூடாது. சித்தப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் தனிப்புதருக்குப் பின்னால் மண்ணைக் கிளறிப் புதைத்துவிட்டு வந்தார்.

எவ்வளவு ஆழம் என்று கேட்டதற்கு, "போதுமான ஆழம்" என்றார்.

காலையில் மூணும் இல்லை. குழி மட்டும் அழகாய்க் கிளறியிருந்தது. பெஞ்சுக்கு அடியில் ஆங்நெட், தாடையெல்லாம் மஞ்சள், ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாய் வாலை ஆட்டுகிறான். சீயக்காய் போட்டு இரண்டு தரம் குளிப்பாட்டியாகிவிட்டது. நாற்றம் போகவில்லை, மழையில் இன்னும் தெளிவாகத்தான் அடிக்கிறது. மத்தியானம் வழக்கம்போல் காவலுக்குப் போய் உட்கார்ந்தான். சிவப்பி அவனை ஒருதரம் பார்த்துவிட்டுத் தின்னப் போகாமலே திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

குஞ்சு பொரிக்க இன்னும் ஐந்து நாள். நாய் பெஞ்சுக்கு அடியில். பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை.