ஐம்பது ஏக்கருக்காக எழுதிய பெயர்கள்

எங்களிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது கப்பலின் பெயரைத்தான். "எங்கள் முன்னோர் எந்தக் கப்பலில் வந்தார்கள்?" தாத்தா ஏதோ சொல்லியிருப்பார், அத்தை எழுதி வைத்திருப்பார், குடும்ப பைபிளின் முதல் பக்கத்தில் ஒரு பெயர் இருக்கும். நான் வேலை பார்ப்பது அமெரிக்காவின் வர்ஜீனியாவில், குடும்ப வரலாறு தேடித் தரும் ஒரு சிறிய நிறுவனத்தில். 1600களில் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி. அல்லது, அப்படி நம்புகிறவர்கள்.

கப்பலில் தொடங்கக் கூடாது என்பது இந்த வேலையின் முதல் விதி. உங்களிடமிருந்து தொடங்கி, உங்கள் அப்பா, அவருடைய அம்மா என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். நம் ஊரில் நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரம் பார்ப்போமே, அதே மாதிரி. நடுவில் ஒரு கை மாறியதற்கு ஆதாரம் இல்லையென்றால் மேலே எவ்வளவு பத்திரம் இருந்தும் பயனில்லை. நானூறு வருடம் என்பது பன்னிரண்டு, பதின்மூன்று தலைமுறை. அதில் ஒரு இடத்தில் பெயர் ஒற்றுமையை மட்டும் நம்பித் தாண்டிவிட்டால், அதற்கு மேலே இருப்பது இன்னொருவர் குடும்பம். ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் ஒருவரை மூத்தவர், மற்றவரை இளையவர் என்று அன்றைய எழுத்தர்கள் குறிப்பார்கள். அவர்கள் அப்பா, மகனாக இருக்க வேண்டும் என்றில்லை. உறவே இல்லாதவர்களாகக்கூட இருக்கலாம். இணையத்தில் கிடைக்கும் வம்சாவளிகளில் பாதி இந்த இடத்தில்தான் வழுக்குகின்றன என்பது என் எண்ணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கஸ்டாவ் அஞ்ஜூ என்பவர் பணக்காரர்களுக்காகப் பொய் வம்சாவளிகளைத் தயாரித்து விற்றார். அவை இன்றும் மரம் மரமாகப் பரவிக்கொண்டிருக்கின்றன.

தேதிகளிலும் கவனம் வேண்டும். 1752 வரை இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் புது வருடம் மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. அதனால் அன்றைய ஏட்டில் 1624 ஜனவரி என்று இருப்பது நம் கணக்கில் 1625 ஜனவரி. இது தெரியாமல் பார்த்தால், கல்யாணத்துக்கு முன்பே குழந்தை பிறந்ததாகத் தோன்றும்.

அந்த 1625 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் எடுத்த ஒரு கணக்கெடுப்புதான் வர்ஜீனியாக் குடும்பங்களுக்கு அடித்தளம். 1607 மே மாதம், வர்ஜீனியாவில் ஆங்கிலேயர்களின் முதல் ஊரான ஜேம்ஸ்டவுனில் இறங்கியவர்கள் 104 பேர். 1609-10 குளிர்காலப் பஞ்சம் முடிந்தபோது அங்கே உயிரோடு மிஞ்சியவர்கள் சுமார் 60 பேர். 1622 மார்ச்சில், அந்த மண்ணின் பூர்வகுடிகளான பவுஹாட்டன் மக்கள் நடத்திய தாக்குதலில் 347 பேர் இறந்தார்கள். ஆக, ஆரம்பக் கப்பல்களில் வந்தவர்களில் பெரும்பாலோர் வாரிசு இல்லாமல் மண்ணுக்குள் போனவர்கள். இதை வாடிக்கையாளர்களிடம் சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கிறேன். 1625 கணக்கெடுப்பில் இருப்பவர்கள் இத்தனையையும் தாண்டி நின்ற சுமார் 1,200 பேர். ஒவ்வொரு வீடாக எழுதியிருக்கிறார்கள்: பெயர், வயது, வந்த கப்பல், வந்த வருடம், அப்புறம் எத்தனை பீப்பாய் சோளம், எவ்வளவு மீன், எத்தனை துப்பாக்கி, எவ்வளவு வெடிமருந்து, எத்தனை மாடு, எத்தனை ஆடு. மூலப்பிரதி லண்டனில் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வாரிசுகளை நினைத்து யாரும் இதை எழுதவில்லை. குடியேற்றம் தாக்குப்பிடிக்குமா என்று லண்டனில் இருந்தவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நிலப் பட்டாக்களும் அப்படித்தான். 1618 முதல், தன் செலவில் ஒரு ஆளை வர்ஜீனியாவுக்குக் கொண்டுவந்தவருக்கு ஆளுக்கு 50 ஏக்கர் உரிமை கிடைத்தது. உரிமை கோருகிறவர் தான் கொண்டுவந்தவர்களின் பெயர்களைப் பட்டியலாகக் கொடுப்பார். பல ஏழை வேலையாட்களின் பெயர் நமக்குக் கிடைப்பது இந்த ஒரே காரணத்தால்தான். பட்டா வருடமும் வந்த வருடமும் ஒன்றல்ல; இரண்டுக்கும் நடுவே பல வருடம் ஓடியிருக்கலாம். ஒரே ஆளுக்காக இரண்டு பேர் நிலம் வாங்கியதும் உண்டு.

அதற்கு மேலே இங்கிலாந்துக்குள் போவது தனி வேலை. 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் இட்ட உத்தரவால் தேவாலயங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். ஆனால் ஒரே பெயர் நாலு ஊரில் இருக்கும். "வர்ஜீனியாவில் இருக்கும் என் மகனுக்கு" என்று ஒரு வரி உள்ள உயில் அங்கே கிடைத்தால்தான் எனக்கு நிம்மதி.

வர்ஜீனியாவில் இன்னொரு தடை நெருப்பு. 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் பத்திரமாக இருக்கட்டும் என்று பல மாவட்டங்கள் தங்கள் ஏடுகளைத் தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் எரிந்தது. ஜேம்ஸ்டவுன் இருந்த ஜேம்ஸ் சிட்டி மாவட்டத்தின் பழைய ஏடுகள் அதோடு போயின. ஆனால் வர்ஜீனியாவின் கிழக்குக் கரையில் நார்தாம்ப்டன் மாவட்டத்தில் 1632 முதலான நீதிமன்ற ஏடுகள் தொடர்ச்சியாக இருக்கின்றன. அந்த ஏடுகளுக்குள் நுழைந்தால் வெளியே வர மனம் வராது.

சரி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். 1625 கணக்கெடுப்பில் சர் ஜார்ஜ் இயர்ட்லியின் வீட்டைப் பாருங்கள். முன்பு ஆளுநராக இருந்தவர். அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் பெயரும் வயதும் இருக்கின்றன. அதே வீட்டில் ஆப்பிரிக்கர்கள் எட்டுப் பேர்: ஆண்கள் 3, பெண்கள் 5 என்று மட்டும் எழுதியிருக்கிறது. பெயர் இல்லை, வயது இல்லை, கப்பல் இல்லை. வேறொரு வீட்டில் ஆஞ்செலோ என்ற ஆப்பிரிக்கப் பெண்ணுக்குப் பெயரும் 'டிரெஷரர்' என்ற கப்பலும் குறித்திருக்கிறார்கள். ஒரு வாடிக்கையாளருக்குக் குடும்பத்தைக் கொடுக்கிற அதே தாள், இன்னொருவருக்குக் கதவை மூடுகிறது.

நிலம் இருந்தால் நிலைமை வேறு. 1621இல் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரான ஆண்டனி ஜான்சன் பின்னாளில் விடுதலை பெற்று, 1651இல் நார்தாம்ப்டனில் 250 ஏக்கருக்குப் பட்டா வாங்கினார். அதனால் அவர் குடும்பத்தைப் பேரன் வரைக்கும் தொடர முடிகிறது. அந்தப் பேரன் 1677இல் மேரிலாந்தில் வாங்கிய 44 ஏக்கர் பண்ணைக்கு வைத்த பெயர் அங்கோலா. ஒரு குடும்பத்தின் நினைவு அந்தப் பெயரில் நிற்கிறது. 1635இல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் நிலத்துக்காகக் கொடுத்த பட்டியலில் 'டோனி, கிழக்கிந்தியர்' என்று, அதாவது நம் பக்கத்திலிருந்து போனவராக இருக்கக்கூடிய ஒருவரின் பெயர் வரும். அவரைக் கொண்டுவந்ததற்கும் 50 ஏக்கர். அவரை முதலில் பார்த்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எந்தத் துறைமுகத்தில் யார் அவரை ஏற்றினார்கள், அவருடைய அம்மா அவரை எப்படிக் கூப்பிட்டாள் என்றெல்லாம் மனம் ஓடியது. பட்டியலில் இருப்பது அந்த ஒரு வரிதான்.

அதனால் நான் கொடுக்கும் அறிக்கைகளில் வாடிக்கையாளருடைய முன்னோரின் வரியை மட்டும் வெட்டி வைப்பதில்லை. அந்த வீட்டின் முழுப் பக்கத்தையும் சேர்க்கிறேன். உயிலோடு வரும் சொத்துப் பட்டியலில் கட்டில், பானை, பசுமாடு ஆகியவற்றுக்கு நடுவே மனிதர்களின் பெயர்கள் இருந்தால், அதையும் முழுதாகப் படியெடுத்துத் தருகிறேன். "இது எதற்கு?" என்று கேட்டவர்கள் உண்டு. என் பதில் எப்போதும் ஒன்றுதான்: உங்கள் குடும்பம் அந்த வீட்டில் தனியாக வாழவில்லை.

இதில் அவசரமும் இருக்கிறது. 1850, 1860 ஆண்டுகளின் அரசுக் கணக்கெடுப்பில் அடிமைகளை உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்றுதான் குறித்தார்கள். விடுதலையானவர்கள் எல்லோரும் பெயரோடு பதிவானது 1870இல்தான். அதற்கு முந்தைய பெயர்கள் பல, பழைய எஜமானர்களின் வாரிசுகள் வீட்டுப் பரணில் இருக்கும் கணக்கு ஏடுகளிலும் கடிதங்களிலும்தான் இருக்கின்றன. எங்களிடம் வருகிறவர்கள் பலர் அந்த வாரிசுகள். ஆகவே கப்பலைப் பற்றிக் கேட்கிற ஒவ்வொருவரிடமும் நான் திருப்பிக் கேட்கிறேன்: குடும்ப பைபிள் மட்டும்தானா, பழைய கணக்கு நோட்டு ஏதாவது இருக்கிறதா? சிலர் பேச்சை மாற்றுகிறார்கள். சிலர் அடுத்த தடவை அட்டைப்பெட்டியோடு வருகிறார்கள். அதில் அடிமைகளுக்குப் பிறந்த குழந்தைகளின் பெயர் தாயின் பெயரோடு இருந்தால், அன்று மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அதை ஸ்கேன் செய்கிறோம். பிறகு அவர்கள் சம்மதத்தோடு, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கும்படி, உள்ளூர் நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்புகிறோம்.